ஹவுஸ் சர்ஜன்களுக்கு நோயாளியிடம் பழகக் கற்றுக்கொடுப்பது எப்படி? நீலகிரி மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் யூனிட்டுக்கு முதல் முறையாக ஹவுஸ் சர்ஜன்களை, அதாவது எம்.பி.பி.எஸ் கடைசியில் ஓராண்டு பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளை, அனுப்பியிருக்கிறார்களா? அல்லது உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, படிப்பை முடித்த கையோடு ஒரு இளம் மருத்துவர் வந்து சேர்ந்திருக்கிறாரா? அப்படியென்றால் இது உங்களுக்காகத்தான். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2021-22 கல்வியாண்டில் 150 இடங்களோடு தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு செட்டாக வார்டுக்குள் வர வர, இதுவரை நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மலை மருத்துவர்கள் பலரும் ஆசிரியர்களாகவும் ஆக வேண்டியிருக்கிறது. தையல் போடுவது, சென்ட்ரல் லைன் போடுவது, பிரசவம் பார்ப்பது, இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க நமக்கு வரும். நோயாளி பக்கத்தில் எப்படி உட்காருவது, எப்படிக் கேட்பது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று நமக்கு யாரும் காட்டித்தரவில்லை.

2019 முதல் எம்.பி.பி.எஸ் பாடத்திட்டத்திலேயே 'ஏட்காம்' என்று மனப்பான்மை, நெறிமுறை, உரையாடல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பாடம் இருக்கிறது. வகுப்பில் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் நடித்துப் பழகுகிறார்கள். நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் படித்ததை வார்டில் சீனியர் செய்கிறாரா என்று அந்தப் பிள்ளைகள் பார்ப்பார்கள், அவர் செய்யவில்லை என்றால் ஒரே மாதத்தில் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடந்து 2009-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மாணவர்களுக்கு நோயாளிகள் மேல் இருக்கும் பரிவு மூன்றாம் ஆண்டில்தான் கணிசமாகக் குறைகிறது என்று காட்டியது. அந்த ஆண்டில்தான் அவர்கள் முழுநேரமாக வார்டுக்குள் வருகிறார்கள். நோயாளிகளோடு பழகப் பழகக் கூட வேண்டிய ஒன்று, குறைகிறது. அந்த இடத்தில் நிற்பவர்கள் நாம்தான்.

அதனால் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வழிமுறை ஒன்றேதான்: முதலில் நீங்கள் செய்துகாட்டுங்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அறைக்கு வெளியே வந்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் அவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்றாவதைத்தான் நாம் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

முதல் வாரம்: வார்டுக்கு முன்னால் வழியைக் காட்டுங்கள்

சமவெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு நீலகிரி என்றால் ஊட்டி ஏரியும் தொட்டபெட்டாவும்தான். வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் அவரை கிராம சுகாதார செவிலியரோடு அனுப்புங்கள், அல்லது நடமாடும் மருத்துவ வண்டியில் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்ணோடு நடக்கச் சொல்லுங்கள். ஸ்டெதஸ்கோப் வேண்டாம். பார்க்கவும் கேட்கவும் மட்டும் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அந்த ஊரிலிருந்து நம் மருத்துவமனைக்கு வர முதல் பஸ் எத்தனை மணிக்கு? கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன செய்வார்கள்? ஒரு நாள் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் எவ்வளவு கூலி போகும்? சாயங்காலத்துக்கு மேல் யானை வரும் பாதை எது? பந்தலூர் பக்கம் இருக்கும் ஒருவர் காலை ஓபிக்கு ஏன் பதினொன்றரைக்கு வருகிறார் என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். தெரியாதவர் "இப்பத்தான் வர்றீங்களா?" என்று கேட்டுவிடுவார், அந்த ஒரு கேள்வியோடு அந்த நோயாளி சொல்ல வந்ததில் பாதியை முழுங்கிவிடுவார்.

யார் யார் நம்மிடம் வருகிறார்கள் என்பதையும் அந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள், ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு, தனிப் பழக்கம். ஹட்டி என்று சொல்லும் தங்கள் ஊர்களில் வாழும் படுகர்கள். 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து, 1968-ல் அவர்களுக்கென்றே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில், அதாவது பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனவற்றில், வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள். கூடலூரில் மலையாளம் பேசுபவர்கள். இப்போது எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் கேஸ் ஷீட்டில் "கூலி" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போவது எளிது. என்ன வேலை, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறார், முதுகில் எவ்வளவு எடை சுமக்கிறார் என்று எழுத வைத்தால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்குங்கள்

1984-ல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கெல் என்ற இருவர் 74 ஆலோசனைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிட்டார், சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம் பேர்தான். சரி, விட்டால் மணிக்கணக்கில் பேசுவார்களே என்று பயம் வரும். அதையும் அளந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டபோது அவர்கள் பேசிய சராசரி நேரம் 92 நொடி. 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். 2002-ல் வெளிவந்த ஆய்வு இது. இந்த இரண்டு எண்களையும் ஹவுஸ் சர்ஜனிடம் முதல் நாளே சொல்லுங்கள், ஏனென்றால் படித்த பிள்ளைகள் எண்ணை நம்புவார்கள்.

அப்புறம் பழக்கம். ஓபியில் நிற்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் இரண்டு நிமிடம் கொடுக்க முடியாது என்று அவர் சொல்வார், அது உண்மையும்கூட. அதனால் ஒரு ஓபிக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேரிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்று மட்டும் கேட்க வேண்டும். நடுவில் அனுமதி உள்ள ஒரே சொல் "அப்புறம்?". அவர் நிறுத்திய பிறகு இன்னும் மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருக்க வேண்டும். உண்மையான காரணம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வெளியே வரும். "இருமல்" என்று சொல்லி உட்கார்ந்தவர், காத்திருந்தால், "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இருமி இருமி..." என்று ஆரம்பிப்பார். அவர் வந்தது இருமலுக்காக மட்டும் இல்லை, தனக்கும் டிபி இருக்குமோ என்ற பயத்துக்காக. அந்தப் பயத்தைக் கேட்காமல் சிரப் எழுதிக்கொடுத்தால் அடுத்த வாரம் வேறு மருத்துவரிடம் போய் நிற்பார்.

கேஸ் ஷீட்டின் முதல் வரியை நோயாளி சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். "கிறுகிறுன்னு வருது", "நெஞ்சு கரிக்குது", "மேலெல்லாம் குடைச்சல்", "மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று தமிழிலேயே எழுதட்டும், அதற்குக் கீழே மருத்துவச் சொல்லைப் போட்டுக்கொள்ளட்டும். உடனே மொழிபெயர்த்து எழுதும்போது கிறுகிறுப்பு எல்லாமே ஒரே வகைத் தலைசுற்றலாகிவிடுகிறது. நோயாளி சொன்னது அப்படியே தாளில் இருந்தால் ரவுண்ட்ஸில் நீங்கள் மறுபடி அங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்.

"நீங்க" என்று சொல்வது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான். சட்டை போட்டு, கையில் கைபேசியோடு வருபவரை "வாங்க சார், உட்காருங்க" என்போம், எஸ்டேட் வேலையிலிருந்து அப்படியே மழைச்சாக்கோடு வந்த அறுபது வயதுப் பெண்ணை "என்னம்மா உனக்கு, அங்க நில்லு" என்போம். பணியர், காட்டுநாயக்கர் பாட்டன்மார்களை இருபத்து மூன்று வயதுப் பிள்ளை "நீ, வா, போ" என்று கூப்பிடுவதை எத்தனையோ மருத்துவமனைகளில் பார்க்கலாம். கூப்பிடுபவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியாது, ஏனென்றால் சுற்றி எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டனுக்குத் தெரியும். அதனால்தான் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார், அதனால்தான் அடுத்த முறை நோய் முற்றும்வரை வரமாட்டார்.

விதியாகவே வையுங்கள்: பதினைந்து வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் "நீங்க". பெயரைக் கேட்டு, பெயரோடு அம்மாவோ அய்யாவோ அக்காவோ அண்ணாவோ சேர்த்துக் கூப்பிடுவது. "ஏழாம் நம்பர் பெட்", "அந்த அப்பெண்டிக்ஸ் கேஸ்" என்று படுக்கைக்கு எதிரில் நின்று பேசாமலிருப்பது. ஹவுஸ் சர்ஜன் கேஸைச் சொல்லும்போது "இவங்க பேரு..." என்று ஆரம்பிக்கட்டும், அவரிடமே திரும்பி "நான் சொல்றது சரிதானேம்மா?" என்று ஒருமுறை கேட்கட்டும். ஆங்கிலத்தில் தலைக்கு மேலே பேசிக்கொண்டே அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டால், பேசியது எல்லாம் ஏதோ கெட்ட செய்தி என்றுதான் படுத்திருப்பவர் நினைப்பார். இரண்டு வரி தமிழில் சொல்லிவிட்டு நகர்வது கட்டாயம்.

இதில் உங்கள் வாய்தான் முதலில் மாற வேண்டும். நீங்கள் "உட்காருங்க பாட்டி" என்றால் அந்த வார்டில் வார்டுபாய் வரைக்கும் பேச்சு மாறும், நான் பார்த்திருக்கிறேன்.

குளிரில் உடம்பைத் தொடுவது

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊர் இது. ஸ்வெட்டர், சால்வை, மப்ளர் எல்லாம் போட்டு வந்தவரை சட்டையைத் தூக்கச் சொல்லி, ஜில்லென்ற ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார், அப்புறம் நுரையீரல் சத்தம் எங்கே கேட்கும்? உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கையையும்தான். தொடுவதற்கு முன் "தொட்டுப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்கட்டும், ஒரு பக்கம் பார்க்கும்போது மறுபக்கத்தை மூடியிருக்கட்டும், பெண் நோயாளி என்றால் திரை இழுத்து, ஒரு சிஸ்டர் பக்கத்தில் இருக்கட்டும். விரல் விறைத்திருந்தால் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது, அதனால் அந்தக் கையைச் சிறிது நேரம் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். அளவும் சரியாக வரும், அந்த அரை நிமிடத்தில் நோயாளி தானாகவே ஏதாவது பேசவும் ஆரம்பிப்பார்.

மொழி தெரியாதபோது

பணியர் பேச்சோ படுகர் பேச்சோ தெரியாத பிள்ளைக்கு இடையில் ஒருவர் வேண்டும். அப்போது செய்யக்கூடாதது இரண்டு. கூட வந்த பத்து வயதுப் பிள்ளையை வைத்து அம்மாவின் மாதவிடாயைப் பற்றிக் கேட்பது ஒன்று. மொழிபெயர்ப்பவர் முகத்தையே பார்த்துப் பேசி, நோயாளியைப் பார்க்காமலே முடித்துவிடுவது இன்னொன்று. கண் நோயாளி மேல் இருக்க வேண்டும், கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். நோயாளி மூன்று நிமிடம் பேசியதை இடையில் நிற்பவர் "வயித்து வலியாம்" என்று சுருக்கினால், "அவங்க இன்னும் நிறைய சொன்னாங்களே, அதையும் சொல்லுங்க" என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

கூடலூரில் 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையை அஸ்வினி அமைப்பு நடத்துகிறது. அங்கே அந்தந்தப் பழங்குடிகளைச் சேர்ந்த பெண்களையே நர்ஸ்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். கோத்தகிரியில் 1958-ல் டாக்டர் எஸ். நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் பழங்குடி ஊர்களுக்குள்ளேயே போய் வைத்தியம் பார்த்த இடம். உங்கள் ஹவுஸ் சர்ஜனுக்கு வாய்ப்பு அமைந்தால் இப்படி ஓரிடத்தில் சில நாட்கள் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் பேச்சிலேயே கேட்கும் ஒரு நர்ஸிடம் நோயாளி எப்படிப் பேசுகிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், நம்மிடம் வரும்போது அதே ஆள் ஏன் மௌனமாக இருக்கிறார் என்ற கேள்வி அவருக்குள் வந்துவிடும்.

உங்கள் வார்டிலும் அப்படி ஒரு சிஸ்டரோ ஆயாவோ இருப்பார்கள். ரவுண்ட்ஸில் "சிஸ்டர், ராத்திரி இவங்க எப்படி இருந்தாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, அவர் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நோயாளி அழுதது சிஸ்டருக்குத்தான் தெரியும்.

வலியை நம்புவது

நீலகிரியில் இதைக் கற்றுக்கொடுக்க சிக்கிள் செல் ரத்தசோகையை விடப் பொருத்தமான நோய் இல்லை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கப் பழங்குடிக் குடும்பங்களில் இது இருக்கிறது. ஒன்றிய அரசு 2023 ஜூலை 1-ல் தொடங்கிய திட்டம் 2047-க்குள் இதை ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நோயைப் பற்றிப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது: சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து சின்ன ரத்தக் குழாய்களை அடைக்கிறது, குளிர், நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல், களைப்பு எல்லாம் அதைத் தூண்டும். இந்த மலையில் குளிருக்குப் பஞ்சம் இல்லை.

புத்தகம் சொல்லாத பகுதி இது. வலி வந்திருக்கும் பையன் வெளியே பார்க்க நன்றாகவே இருப்பான். வீக்கம் இல்லை, காயம் இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. சின்ன வயதிலிருந்து வலியோடு வாழ்ந்தவன் என்பதால் கத்தவும் மாட்டான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான், சில நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டும் இருப்பான். அதைப் பார்த்த புது மருத்துவர் "இவனுக்கு ஒண்ணும் இல்ல, ஊசிக்காக நடிக்கிறான்" என்று முடிவு பண்ணுவார். போன மாதமும் வந்திருக்கிறான் என்று தெரிந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அடிக்கடி வருவது அந்த நோயின் இயல்பு.

இங்கே நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய வரிசை எளிது. வலி எவ்வளவு என்று அவனையே கேட்டு, அவன் சொன்ன எண்ணை அப்படியே எழுதுவது. "போன தடவை எதுல கேட்டுச்சு?" என்று கேட்பது, ஏனென்றால் தன் வலிக்கு எது கேட்கும் என்று நம்மை விட அவனுக்கு நன்றாகத் தெரியும். வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலி மருந்தைக் கொடுப்பது, ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல். கம்பளி, வெந்நீர், தேவையான நீர்ச்சத்து. அரை மணி நேரம் கழித்துத் தானே போய் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பது, சிஸ்டரை அனுப்பாமல். இத்தனையும் செய்த பிறகுதான் காய்ச்சல் உண்டா, நெஞ்சு வலி உண்டா, ஆக்ஸிஜன் குறைகிறதா என்ற ஆபத்துக் கேள்விகளுக்கு அவன் முழுசாகப் பதில் சொல்வான். வலியை நம்பாதவரிடம் யாரும் மூச்சு முட்டுவதைப் பற்றிச் சொல்வதில்லை.

குடும்பத்திடம் பேசுவதும் இதில்தான் வருகிறது. அம்மா, அப்பா இருவருமே இந்த நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சுமப்பவர் என்றால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. இதைச் சொல்லும்போது "உங்க ரத்தத்துல குறை" என்ற மாதிரி ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் பேச்சு. அதனால் ஹவுஸ் சர்ஜன் இதைப் பேசும் முதல் சில தடவைகள் நீங்கள் கட்டாயம் பக்கத்தில் இருங்கள். "இது ரெண்டு பேர்கிட்டயும் இருந்து வர்றது, யாரு மேலயும் தப்பு இல்ல" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லப் பழக்குங்கள்.

கெட்ட செய்தி, கோவைக்கு அனுப்புவது

கெட்ட செய்தி சொல்வதற்கு 'ஸ்பைக்ஸ்' என்று ஆறு படி முறை ஒன்று 2000-ல் வந்தது, பெய்ல், பக்மன் முதலானோர் எழுதியது. தனி இடம் பார்த்து உட்காருவது, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேட்பது, எளிய சொற்களில் சொல்வது, அழுகைக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவது. பிள்ளைகளுக்கு இது தெரியும், தேர்வுக்குப் படித்திருப்பார்கள். அவர்கள் தடுமாறும் இடம் வேறு: மகன் வராண்டாவில் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு" என்பார். புது மருத்துவர் ஒன்று பயந்து சரி என்பார், அல்லது "நோயாளிக்குத்தான் சொல்லணும், அதுதான் சட்டம்" என்று முகத்தில் அடிப்பார்.

நடுவில் வழி இருக்கிறது, அதைச் செய்துகாட்டுங்கள். மகனை உட்கார வைத்து, "நீங்க எதுக்காகப் பயப்படறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். அப்புறம், "நானா போய் எதையும் போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு முதல்ல அவர்கிட்டயே கேட்கிறேன், நீங்களும் கூட இருங்க." பிறகு அப்பாவிடம், "அய்யா, உங்க உடம்பைப் பத்தி எல்லாம் உங்ககிட்ட பேசட்டுமா, இல்ல தம்பிகிட்ட பேசிக்கட்டுமா?" பெரியவர்கள் பலருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். மகன் தாங்கமாட்டான் என்று அவர்தான் மறைத்துக்கொண்டிருப்பார்.

மேல்சிகிச்சைக்கு அனுப்புவதையும் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நமக்கு "கோயம்புத்தூர் ரெஃபர்" என்பது தாளில் ஒரு வரி. கூடலூர்க்காரருக்கு முதலில் ஊட்டிக்கே 50 கிலோமீட்டர், அங்கிருந்து மலை இறங்கிக் கோவைக்கு இன்னும் 85 கிலோமீட்டருக்கு மேல். தெரியாத ஊர், சாப்பாட்டுக் காசு, வீட்டில் விட்டுவந்த குழந்தை, திரும்பி வருவோமா என்ற பயம். 108 வண்டி கொண்டுபோய் விட்டுவிடும், திரும்பி வர பஸ் காசு கையில் இருக்கிறதா? ஹவுஸ் சர்ஜன் ரெஃபர் எழுதுவதற்கு முன் நான்கு விஷயம் விசாரிக்கட்டும்: கூட யார் போகிறார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள், கையில் காசு எவ்வளவு, அங்கே இறங்கியதும் எந்தக் கட்டடத்துக்குப் போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியுமா. கடைசியாகச் சொன்னதைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் ஒரு போன் போட்டு விசாரிக்க வேண்டும். அந்தப் போனை நீங்கள் அவர் முன்னால் போட்டுக் காட்டினாலே போதும், அடுத்த முறை அவரே போடுவார்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை வார்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்கு நம் ஊரில் "சரிங்க" தவிர வேறு பதில் கிடையாது. அதற்குப் பதிலாக, "வீட்டுல அக்கா கேட்டா இந்த மாத்திரை எப்படிப் போடணும்னு சொல்வீங்க? என்கிட்ட சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் "நான் சரியாச் சொல்லல போல, மறுபடி சொல்றேன்" என்று தன் மேல் போட்டுக்கொள்ளட்டும்.

பிறகு அந்த மருந்து அவருடைய நாளில் எங்கே பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் எழுதிக்கொடுத்துவிட்டு, அந்த அக்கா ஏன் போடுவதில்லை என்று கோபப்படுகிறோம். காலை எட்டு மணிக்குக் கொழுந்து பறிக்கப் போனால் மதியம் எடை போடும்வரை ஒதுங்க இடம் கிடையாது, அட்டைக்கடிக்கு நடுவில் செடி மறைவுக்குத்தான் போக வேண்டும். அவர் மாத்திரையை விட்டது அறியாமையால் நடந்ததில்லை, யோசித்து எடுத்த முடிவு. வேலை முடிந்து வந்ததும் போடலாமா, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று யோசிக்க வேண்டியது நாம். இந்த ஒரு உதாரணத்தை மட்டும் வைத்தே ஒரு மணி நேர வகுப்பு எடுக்கலாம்.

சொல்லாமல் வார்டை விட்டுப் போனவர்களைப் பற்றி "தலைமறைவு" என்று எழுதி மூடுவதையும் நிறுத்துங்கள். ஏன் போனார் என்று விசாரித்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, சம்பள நாள், ஊரில் சாவு, பக்கத்துப் படுக்கைக்காரர் ராத்திரி இறந்ததைப் பார்த்துப் பயம். காரணம் தெரிந்தால் அடுத்தவரைத் தடுக்கலாம்.

கற்றுக்கொடுப்பவர் செய்ய வேண்டியது

வாரத்துக்கு ஒரு நோயாளியை ஹவுஸ் சர்ஜன் பார்ப்பதைப் பத்து நிமிடம் மூலையில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் பேசாதீர்கள். முடிந்ததும் நோயாளி போன பிறகு, பார்த்த ஒன்றைச் சொல்லிப் பாராட்டுங்கள், மாற்ற வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். "இன்னும் அன்பா பேசணும்" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை, அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "அவங்க வீட்டுக்காரர் செத்துப்போனதைச் சொன்னப்போ நீ கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு இருந்தே, அந்த இடத்துல நிறுத்தியிருக்கலாம்" என்றால் தெரியும். நோயாளி முன்னால் திட்டவே திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை அதை அடுத்த படுக்கையில் இறக்கிவைக்கும்.

வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம், டீயோடு, எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். லண்டனில் மைக்கேல் பாலின்ட் 1950-களில் குடும்ப மருத்துவர்களைக் கூட்டி இப்படி உட்கார வைத்தார். ஒருவர் தன்னை அலைக்கழித்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார், மற்றவர்கள் வைத்தியத்தை விவாதிக்காமல், அந்த நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் என்ன நடந்தது என்று பேசுவார்கள். தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, தீர்ப்பு சொல்லக் கூடாது, பேசியது வெளியே போகக் கூடாது. யூனிட் சீஃப் கடைசியில் பேசுவது நல்லது. ஆரம்பத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

அவர்களையும் பாருங்கள். முந்தின நாள் காலையிலிருந்து டியூட்டியில் நிற்கும் பிள்ளையிடம் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்காத சீஃப், அந்தப் பிள்ளை நோயாளியிடம் அதைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் மரணத்தைப் பார்த்தவரை அன்றே தனியாக அழைத்துப் பேசுங்கள், முடிந்தால் இரண்டு மணி நேரம் டியூட்டியிலிருந்து விடுங்கள். மரணச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அட்மிஷனுக்கு ஓட வைப்பதுதான் மனதை மரத்துப்போகச் செய்வது.

சிலருக்கு இது வரவே வராது போலத் தோன்றும். பேச்சு இறுக்கமாக இருக்கும், முகம் கடுகடு என்று இருக்கும். அவர்களை விட்டுவிடாதீர்கள். சிரிக்க வராதவருக்கும் உட்காரத் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும், அரை மணி கழித்துத் திரும்பி வந்து கேட்கத் தெரியும். செயல்களை மட்டும் கேளுங்கள், குணத்தை மாற்றப் பார்க்க வேண்டாம். பேச்சில் இனிமையும் செயலில் அசட்டையுமாக இருப்பவரைவிட இவர்களைத்தான் நான் என் வீட்டு ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்வேன்.

போஸ்டிங் முடியும் வாரத்தில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தான் பார்த்துவந்த நீண்டநாள் நோயாளிகளிடம் அவரே போய், "நாளையிலிருந்து நான் வேற வார்டுக்குப் போறேன், இவங்க பார்த்துக்குவாங்க" என்று அடுத்து வருபவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். ஒப்படைப்புக் குறிப்பில் மருந்து, பரிசோதனை முடிவுகளோடு இன்னும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: இவரை எப்படிக் கூப்பிட்டால் பேசுவார், வீட்டில் யாரிடம் பேச வேண்டும், எதைப் பற்றிப் பயந்துகொண்டிருக்கிறார். அடுத்த செட் வரும் திங்கட்கிழமை காலை ரவுண்ட்ஸில் அந்த மூன்று வரியிலிருந்தே கேஸைச் சொல்ல ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.